நாலு பேர் மூச்சு

அந்த மண்டபத்தின் கூரையைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் ஊரில் கிடையாது. இறந்தவர்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்து அனுப்பி வைப்பதற்காக நகராட்சி கட்டிய மண்டபம். தரையும் சுவரும் நாற்காலியும் எல்லா இடத்திலும் இருப்பவைதான். கூரைதான் விசேஷம். மேலே காற்றுப் போக இடுக்கு விட்ட கண்ணாடி, அதற்குக் கீழே முழங்கை நீளத்துக்குப் பழுப்பு நிற இலைகளை வரிசை வரிசையாகப் பொருத்திய ஓர் உள்கூரை. ஆள் இல்லாதபோது இலைகள் படுத்துக் கிடக்கும், மண்டபம் மங்கலாக இருக்கும். கூட்டம் சேரச் சேர ஒவ்வோர் இலையாக நுனி தூக்கும், வளையும், சுருண்டுகொள்ளும். வெளிச்சம் கீழே இறங்கும். மோட்டார் கிடையாது, ஒயர் கிடையாது, சுவிட்சைத் தட்ட ஓர் ஆளும் கிடையாது.

அந்த இலைகளை அச்சடித்தவள் அக்கா. பட்டறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். முதலாளி அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் கூசாமல் அக்கா என்பார். ஆனால் கூடப் பிறந்த உரிமையோடு அப்படிக் கூப்பிட ஒருத்திதான் உண்டு. தங்கச்சி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அவள் பிறந்தபோது அக்காவுக்கு ஒன்பது வயது. அம்மா சீக்கிரமே போய்விட்டதால், தங்கச்சிக்குத் தலை வாரியதிலிருந்து லைசென்ஸ் வாங்க வரிசையில் நின்றதுவரை எல்லாம் அக்காதான்.

அந்த இலைகளில் மாயம் ஒன்றும் இல்லை. நனைந்த புத்தகத்தின் அட்டை ஏன் வளைகிறது? ஒரு பக்கம் ஈரம் குடித்து உப்புகிறது, இன்னொரு பக்கம் உப்பவில்லை, வளையாமல் என்ன செய்யும்? அதையே வேண்டுமென்று செய்வதுதான் பட்டறையின் தொழில். மரத்தூள் கலந்த பிளாஸ்டிக்கை இயந்திரம் உருக்கி, கோடு கோடாக இழுத்து, தட்டையாக ஓர் இலையை அச்சடித்துக் கொடுக்கும். கீழ் அடுக்கு ஈரம் குடிக்கும், மேல் அடுக்கு குடிக்காது. கோடு ஓடுகிற திசையைப் பொறுத்து இலை வளையும். இருநூறு பேர் ஓர் இடத்தில் நின்று மூச்சு விட்டு, வியர்த்து, அழுதால் அந்தச் சூடும் ஈரமும் மேலேதானே போகும்? இலை அதைக் குடிக்கும், திறக்கும், புழுக்கம் வெளியே போகும். கட்டடம் கட்டியவர்கள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

மனிதர்களைப் பற்றிய கணக்கை அவர்கள் போடவில்லை. மனிதனுக்கு எதைக் கொடுத்தாலும் அதில் மார்க் போட ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவான். மண்டபம் திறந்து ஒரு வருஷம் ஆவதற்குள், "எங்க மாமனாருக்கு ஆறு வரிசை திறந்துச்சு" என்று மார் தட்டுவதும், "அவங்க வீட்டுப் பெரியவருக்கா? ரெண்டே வரிசைதான், அதுவும் அரைகுறை" என்று உதட்டைப் பிதுக்குவதும் ஊரில் சகஜமாகிவிட்டது. வரிசை குறைந்துவிடக் கூடாது என்று வேன் வைத்து ஆள் கூட்டி வந்தவர்கள் உண்டு. ஒரு குடும்பம் மலர்வளையத்துக்குப் பின்னால் கெட்டிலை மறைத்து வைத்து ஆவி விட்டு, மண்டபக்காரரிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டது. மழைக்காலத்தில் செத்தவர்கள் பாக்கியசாலிகள். ஊரே கரித்துக் கொட்டிய ஒரு வட்டிக்காரருக்கு அடைமழை நாளில் மொத்தக் கூரையும் திறந்துகொண்டது. அவர் அவ்வளவு நல்லவரா என்று அப்புறம் ஊருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

முதலாளிக்கு மனசு கேட்கவில்லை. 'இந்த இலைகள் காற்றின் ஈரத்தால் மட்டுமே திறக்கும்' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினார். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது மாதம் யாரோ அதன் மேல் குடையை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

அக்கா இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறவள்தான். ஆனால் அப்பா இறந்தபோது அவளும் அண்ணாந்து பார்த்தாள். அப்பா பஸ் கண்டக்டர். டிப்போவே திரண்டு வந்துவிட்டது, எள் போட்டால் விழாத கூட்டம். கடைசி வரிசைவரை ஓர் இலை பாக்கியில்லாமல் திறந்து, அப்பாவின் மேல் வெளிச்சம் கொட்டியது. தங்கச்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாருக்கா, நீ செஞ்ச இலையெல்லாம் அப்பாவுக்காக எழுந்து நிக்குது" என்றாள். ஈரம் எத்தனை சதவீதம் ஏறியிருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அவள் அதை நம்பினாள். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

தங்கச்சிக்குக் கல்யாணமாகி வெகு நாள் கழித்து ஒரு பையன் பிறந்தான். அவசரக்காரன், வர வேண்டிய நாளுக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டான். பிறந்த நிமிஷத்திலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருந்தான். உள்ளே அம்மாவையும் அப்பாவையும் மட்டும்தான் விடுவார்கள், அதுவும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய பிறகு. அக்கா வராந்தாவில் நின்று சன்னல் வழியாகப் பார்ப்பாள். ஒரு தொப்பி தெரியும், மூக்குக் குழாய் தெரியும், விளக்கு கூசாமல் இருக்கக் கண்ணின் மேல் கட்டிய துணி தெரியும், சுண்டுவிரல் பருமனில் ஒரு கால் எப்போதாவது உதைக்கும். அந்தக் காலுக்கே அக்கா பூரித்துப் போவாள்.

"எனக்கே இன்னும் முகம் சரியாத் தெரியாதுக்கா," என்பாள் தங்கச்சி. "பிளாஸ்திரியும் குழாயும்தான் தெரியுது. எல்லாத்தையும் கழட்டட்டும், அப்புறம் யார் மூக்குன்னு சண்டை போட்டுக்கலாம்."

பெயர்கூட வைக்கவில்லை. குழாயைக் கழற்றும் நாளில் முகத்தைப் பார்த்துப் பெயர் வைப்பதாக இருந்தார்கள். அதுவரைக்கும் குட்டி. குழாயைக் கழற்றும் நாள் வரவில்லை. ஒரு புதன்கிழமை காலையில் குட்டி இறந்துபோனான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், நாற்காலியில் உட்காராமல் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள் தங்கச்சி. அவளுடைய வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி நின்றார். கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கிறவர், பேச்சு குறைவு, அன்றைக்கு அதுவும் இல்லை. அக்கா தரையில் பக்கத்தில் உட்கார்ந்து தங்கச்சியின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"யாருக்கும் சொல்ல வேணாம்க்கா," என்றாள் தங்கச்சி. "யாருக்கும் அவனைத் தெரியாது. வந்து என்னைத்தான் பாப்பாங்க. என்னால அது முடியாது."

"சரிடி. யாரும் வர வேணாம். நாம மட்டும் போதும்."

"அந்த மண்டபத்துலதான் வெக்கணும். அப்பாவை வெச்ச இடம்."

"வெச்சிடலாம்."

தங்கச்சி தலையைத் தூக்கி, சின்னப் பிள்ளையில் கேட்பாளே, அப்படிக் கேட்டாள். "குட்டிக்கும் திறக்கும்லக்கா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடி பைத்தியமே, அது வெறும் ஈரம், கூட்டம் இல்லாவிட்டால் அசையாது, அதற்கும் குட்டிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருந்தால் தங்கச்சி புரிந்துகொண்டிருப்பாள். வேன் ஓட்டுகிறவள், இயந்திரம் தெரிந்தவள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல எந்த அக்காவுக்கு வாய் வரும்?

"திறக்கும்டி," என்றாள் அக்கா. "கண்டிப்பாத் திறக்கும்."

சொன்ன மறு நிமிஷமே எண்ணிப் பார்த்தாள். தங்கச்சி, வீட்டுக்காரர், தான், மண்டபக்காரர். மழையாவது பெய்தால் பரவாயில்லை. அதுவோ உதடு வெடிக்கிற வெயில் காலம், துணி காயப் போட்டால் திரும்பி வருவதற்குள் காய்ந்துவிடும். அப்பாவுக்கு எழுந்து நின்ற இலைகள் நாளைக்குத் தங்கச்சியின் தலைக்கு மேல் கட்டையாகக் கிடக்கப் போகின்றன. ஊரே மார்க் பார்க்கிற கூரையில் குட்டிக்கு முட்டை. அதை நினைத்தபோது அக்காவுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது, கூரை மேல், ஊர் மேல், அதை அச்சடித்த தன் கை மேல்.

நேராகப் பட்டறைக்குப் போனாள். முதலாளி விஷயத்தைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா உட்காரவில்லை.

"நாலு பேர் மூச்சுக்குத் திறக்கணும் சார். என்ன செய்யலாம்?"

"நாலு பேர் மூச்சுக்கு அது அசையாதுக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

"அந்தக் கூரை அசையாது. தனியா ஒண்ணு அடிக்கலாம்ல? குடை மாதிரி சின்னதா. பெட்டிக்கு மேல, தலைக்குப் பக்கத்துல தொங்கவிட்டா மூச்சு நேரா படும். இலையை மெலிசா அடிச்சா சீக்கிரம் வளையும்."

முதலாளி மோவாயைத் தடவினார். "அவ்வளவு மெலிசா அடிச்சா, பழக்க முடியாதேக்கா."

பழக்குவது என்றால், புது இலையை நனைத்துக் காய வைத்து, மறுபடி நனைத்துக் காய வைத்து, நாள் கணக்கில் வளைவை வழிக்குக் கொண்டுவருவது. பழக்கின இலை வருஷக் கணக்கில் திறந்து மூடும்.

"பழக்காம தொங்கவிட்டா ஒரு தடவைதான் திறக்கும்," என்றார் முதலாளி. "அப்புறம் அப்படியே நின்னுடும். மூடாது."

"ஒரு தடவை போதும் சார்."

அவர் தானே எழுந்து போய் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்தினார்.

அக்கா இரண்டு அடித்தாள், ஒன்று சோதித்துப் பார்க்க, ஒன்று தொங்கவிட. வட்டமான ஒரு சட்டம், அதில் உள்ளங்கை அகலத்தில் இலைகள், நுனி எல்லாம் நடுவில் வந்து சேரும்படி. இயந்திரம் கோடு இழுப்பதை அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். குட்டியை நினைக்கவில்லை. சூடு சரியாக இருக்கிறதா, இழை அறுந்துவிடாமல் வருகிறதா என்றுதான் நினைத்தாள். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அந்த வேலைதான், அதனால் அதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

புது இலையைச் சோதிப்பதில் பட்டறைக்கு ஒரு முறை உண்டு. இலை அசைகிறவரை அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. முதல் அசைவு எந்த இடத்தில் வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நுனியில் வந்தால் நல்ல இலை, ஓரத்தில் வந்தால் கொஞ்ச நாளில் முறுக்கிக்கொள்ளும். அந்தக் கணத்தைத் தவறவிட்டால் மறுபடி முழுக்கக் காய வைக்க வேண்டும், ஒரு நாள் வீண். அதனால் சோதனைக்கு நிற்கிறவர்களை யாரும் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்கள். ஒருதடவை பட்டறைக்குள் பாம்பு வந்தபோதுகூட அக்கா திரும்பவில்லை என்றும், பாம்புதான் சலித்துப்போய்த் திரும்பிவிட்டது என்றும் ஒரு கதை உண்டு. அக்கா அதை மறுத்ததில்லை.

முதல் சட்டத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அடியில் நின்று அண்ணாந்து மூச்சு விட்டாள். கண்ணை எடுக்காமல் நின்றாள். கழுத்து வலி எடுத்த பிறகு ஒரு நுனி எழும்பியது, பிறகு பக்கத்து நுனி, பிறகு எல்லாம். முதலாளி தலையை ஆட்டினார். அது திறந்தபடியே நின்றுவிட்டது. இரண்டாவதைத் தொடாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மண்டபம் திறந்ததும் போய் நின்றாள். மண்டபக்காரர் வயதானவர், எரிச்சல் பேர்வழி, கெட்டில் சம்பவத்துக்குப் பிறகு யாரையும் நம்பாதவர்.

"மேல எதையும் கட்டக் கூடாதும்மா. விழுந்து வெச்சா என் தலைதான் உருளும்."

"ரொம்ப லேசு அய்யா. தூக்கிப் பாருங்க."

"யாருக்கு?"

அக்கா பெட்டியின் அளவைக் கையை விரித்துக் காட்டினாள். அவர் அந்த இரண்டு கைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு போய் ஏணியை எடுத்து வந்து, அவள் இறங்குகிறவரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சின்னப் பெட்டியை ரொம்ப நேரம் திறந்து வெக்க மாட்டோம்மா," என்று கீழிருந்து சொன்னார். "அம்மாக்காரிங்க தாங்க மாட்டாங்க. நான் பாத்து மூடிடுவேன்."

"சரிங்கய்யா," என்றாள் அக்கா. கம்பி நேராகத் தொங்குகிறதா என்பதில்தான் அவள் கவனம் இருந்தது.

நண்பகல் தாண்டி வண்டி வந்தது. தங்கச்சியின் வீட்டுக்காரர் பெட்டியைத் தானே தூக்கி வந்தார், வேறு யாரையும் தொட விடவில்லை. கண்ணாடி அறுக்கிறவர்கள் எதையும் அணைத்துத் தூக்க மாட்டார்கள், உடம்பிலிருந்து தள்ளியே பிடிப்பார்கள். அன்றைக்கு அவர் அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார். மேஜை மேல் வைத்தார். இருநூறு பேருக்குப் போட்ட நாற்காலிகள் காலியாக வரிசையில் நின்றன. பெரிய கூரை அசையவில்லை, அது அசையும் என்று அக்கா எதிர்பார்க்கவும் இல்லை.

மண்டபக்காரர் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு விலகி நின்றார்.

தங்கச்சி பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் ஓர் அடி முன்னால் வைத்தார், உடனே திரும்பி விடுவிடுவென்று நடந்து வாசலுக்குப் போய், தூணில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். அக்கா மேஜைக்கு எதிர்ப் பக்கம் வந்தாள். பெட்டிக்குள் வெள்ளைத் துணி தெரிந்தது, துணிக்கு மேல் ஏதோ தெரிந்தது. முதலில் இலை அசையட்டும், பிறகு ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தலையைத் தூக்கினாள்.

சட்டம் தலைக்கு மேலே அமைதியாகத் தொங்கியது. நுனிகள் எல்லாம் நடுவில் ஒட்டிக் கிடந்தன.

அசையவில்லை. பட்டறையைவிட இங்கே காற்று வறட்சி, அதை அவள் யோசித்திருக்க வேண்டும். வாயைத் திறந்து மேல் நோக்கி மூச்சு விட்டாள். இன்னும் நீளமாக விட்டாள். திற, திற, சனியனே, திற என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவள் வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் இலைகளை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள், ஒன்றிடமும் கெஞ்சியதில்லை. தங்கச்சி எந்த நிமிஷமும் நிமிர்ந்து பார்ப்பாள், பார்க்கும்போது இது இப்படிக் கட்டையாகத் தொங்கினால் அவளுக்கு என்ன பதில் சொல்வது?

தங்கச்சி அதுவரை சத்தமில்லாமல்தான் அழுதுகொண்டிருந்தாள். அப்போது உடைந்தாள். அடிவயிற்றிலிருந்து எழுந்த அழுகை, வார்த்தை இல்லாத அழுகை. அந்த மூச்சு, அந்தக் கண்ணீரின் ஈரம், எல்லாம் மேலே ஏறியது. அக்காவுக்கு அது தெரிந்தது, தெரிந்ததால்தான் கண்ணை எடுக்கவில்லை. இதோ, இதோ என்று நின்றாள். யாரோ "அம்மா" என்று மெல்லக் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை. ஒரு நுனி எழும்பியது. ஓரம் இல்லை, நுனிதான். நல்ல இலை. அடுத்தது, அதற்கடுத்தது, சுற்றிலும் எல்லா நுனிகளும் எழும்பின, வளைந்தன, சுருண்டன. நாலு பேர் மூச்சுகூட இல்லை, மூன்று பேர் மூச்சுக்கே அது திறந்துவிட்டது.

திறந்ததென்னவோ திறந்தது. வெளிச்சம் வரவில்லை. எப்படி வரும்? மேலே பெரிய கூரை மூடித்தானே கிடக்கிறது? சுருண்ட இலைகளுக்கு நடுவில் வட்டமாகத் தெரிந்தது, அவளே அச்சடித்த பழைய இலைகளின் மங்கலான அடிப்பக்கம். இவ்வளவு யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. அந்த இருட்டு வட்டத்தைப் பார்த்தபடி அக்கா நின்றாள்.

டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

குனிந்து பார்த்தாள். வெள்ளை மூடி. மண்டபக்காரர் கொக்கியை மாட்டிவிட்டு நிமிர்ந்தார். "நான் கூப்பிட்டேம்மா," என்றார் தாழ்ந்த குரலில், மன்னிப்புக் கேட்பதுபோல.

ஒரே ஒரு நிமிஷம் திறங்க என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். தங்கச்சி மூடியின் மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள், கண்கள் இறுக மூடியிருந்தன. அவளை அதிலிருந்து பிய்த்து எடுத்து, மறுபடி திறந்து, மறுபடி மூடி, இன்னொரு தடவை அந்தச் சத்தத்தை அவளுக்குக் கேட்க வைப்பதா? அக்கா வாயை மூடிக்கொண்டாள். பெட்டி பின்னாலிருந்த தகன அறைக்குள் போனது. அதற்கு அப்பால் யாரையும் விட மாட்டார்கள்.

வாடகைக் காரில் திரும்பினார்கள். தங்கச்சியின் வீட்டுக்காரர் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னால் தங்கச்சி அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். வெளியே ஊர் எப்போதும்போல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா அவளுடைய முடியைக் கோதிக்கொண்டே, அவள் கேட்கப்போகும் கேள்விக்காகக் காத்திருந்தாள். திறந்ததா என்று கேட்பாள். திறந்துச்சுடி, முழுசாத் திறந்துச்சு, நீ அழுதபோதுதான் திறந்துச்சு என்று சொல்ல வேண்டும். அது ஒன்றாவது பொய் இல்லை.

"அக்கா."

"சொல்லுடி."

"பிளாஸ்திரி, குழாய் எல்லாம் எடுத்துட்டாங்கல்ல?"

அக்காவின் கை நின்றது.

"நான் கண்ணைத் திறக்கவே இல்லக்கா. திறந்து பாத்தா அங்கேயே செத்துடுவேன்னு தோணுச்சு. நீதான் எதிர்ல நிக்கறியே, நீ நல்லாப் பாத்து வெச்சுப்பே, அப்புறம் கேட்டுக்கலாம்னு மூடிக்கிட்டேன்." தங்கச்சி புரண்டு அண்ணாந்து பார்த்தாள். "எப்படி இருந்தான்? சொல்லு."

இலையைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. கடைசிவரை கேட்கவில்லை.

முன் இருக்கையிலிருந்து அவளுடைய வீட்டுக்காரரும் மெல்லத் திரும்பினார். அவரும் தூணைத்தான் பார்த்துக்கொண்டு நின்றவர். இரண்டு ஜோடிக் கண்கள் அக்காவின் வாயையே பார்த்தன.

அக்காவுக்கு நான் பாக்கலடி என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. வந்து, அங்கேயே நின்றது. பிறகு, ஒன்பது வயதில் தன்னை இரண்டு தலையணைக்கு நடுவில் உட்காரவைத்து அம்மா தன் மடியில் கிடத்திய, அப்போதுதான் பிறந்த தங்கச்சியை நினைத்துக்கொண்டு, அந்த முகத்தைச் சொல்லத் தொடங்கினாள்.

"நெத்தி அகலம்டி. முடி நிறைய இருந்துச்சு, ஒரு பக்கமா படிஞ்சு. புருவம் இருக்கா இல்லையான்னே தெரியல, அவ்வளவு மெலிசு. மூக்கு நுனி கொஞ்சம் மழுங்கல். கீழ் உதட்டை உள்ள இழுத்து வெச்சுக்கிட்டு இருந்தான், ஏதோ கோவம் மாதிரி."

"என்னை மாதிரியா?"

"அச்சு அசலா உன்னை மாதிரி."

தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அக்காவுக்குத் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாக அவள் உடம்பு கொஞ்சம் தளர்ந்தது.

"அண்ணி," என்றார் முன் இருக்கையிலிருந்தவர். குட்டி போன பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "காது? எங்க வீட்ல ஆம்பளைங்களுக்கெல்லாம் ஒரு காது மேல லேசா மடிஞ்சிருக்கும். எனக்கும் இருக்கு. அவனுக்கு..."

அவர் முடிக்கவில்லை. மடிந்த காதை அவர் தன் விரலால் தொட்டுக்கொண்டிருந்தார். வலது காது.

"ஆமா தம்பி," என்றாள் அக்கா. "வலது காது. மடிஞ்சுதான் இருந்துச்சு."

அவர் முன்னால் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கத் தொடங்கியது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லுக்கா," என்றாள் தங்கச்சி மடியிலிருந்து. "முதல்லேருந்து."

அக்கா நெற்றியிலிருந்து தொடங்கினாள். எதையும் மாற்றிவிடாமல், ஒவ்வொன்றாக, அதே வரிசையில் சொன்னாள்.